ஒட்டுப் போர்வையும் ஐக்கிய சங்கமும்

கைத்தொழில் சங்கம் ஒன்றை ஏற்படுத்த வேண்டுமென்று எந்தக் கிராமத்திலாவது பேச்செடுத்தால், “மாதம் ஒன்றுக்குத் தலைக்கு என்ன கிடைக்கும்?” என்ற கேள்வியே முதலில் பிறக்கிறது. அது நியாயமான கேள்விதான். வயிற்றை மறந்து எந்தச் சங்கமும் நடவாது. ஆனால், பலர் ஓரிடத்தில் கூடி ஒரே துணியில் கை வைத்து வேலை செய்வதால் மனத்துக்கு உண்டாகும் ஆறுதலும், தனித்துக் கிடப்பவர்களுக்குக் கிடைக்கும் துணையும் வரவு செலவுக் கணக்கில் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தால் அவை இல்லையென்றே சில காரியதரிசிகள் எண்ணி விடுகிறார்கள். இவ்விஷயத்தை விளக்குவதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அலபாமா மாகாணத்திலுள்ள கீஸ் பெண்ட் என்னும் கிராமத்தின் சரித்திரம் மிகவும் தகுந்ததாகத் தோன்றுகிறது.

அலபாமா நதி பெரிய வளைவாகத் திரும்பி இக்கிராமத்தை மூன்று பக்கங்களிலும் சூழ்ந்து ஓடுகிறது. வெளியுலகத்துக்குச் செல்லத் தரைவழி ஒரு பக்கத்தில்தான் உண்டு. 1930-ம் வருஷங்களில் அதுவும் சேற்றுப் பாதையாயிருந்தது. 1816-ல் ஜோசப் கீ என்ற வெள்ளைக்காரர் அடிமைகளைக் கொண்டு இங்கே பருத்திப் பண்ணை வைத்தார். 1845-ல் அது பெட்வே என்ற குடும்பத்தாரின் வசமாயிற்று. 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்த பின்னும், விடுதலை பெற்ற கறுப்பு ஜனங்கள் அதே நிலத்தில் வாரக் குடிகளாகத் தங்கினார்கள். இவ்வூரில் பலர் இன்றும் பெட்வே என்ற பெயரையே தரித்திருப்பது அதனால்தான்.

வாரக் குடிகளின் கஷ்டம் நமது அங்கத்தினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. விதை, உரம், உணவு ஆகிய எல்லாவற்றையும் ஆற்றுக்கு அப்பாலுள்ள காம்டன் நகரத்து வியாபாரி ஒருவர் கடனாகக் கொடுத்து, அறுவடையில் பிடித்துக்கொண்டு வந்தார். 1929-க்குப் பின் பருத்தி விலை விழுந்து, 1931-ல் பவுண்டு ஒன்று ஆறு சென்ட்டு அளவுக்கு வந்துவிட்டது. கடன் அடையவில்லை. 1932-ல் அவ்வியாபாரி இறந்துபோகவே, அவருடைய குடும்பத்தார் பாக்கியைக் கேட்டு வந்து கோவேறு கழுதை, மாடு, ஏர், வண்டி, விதைச் சோளம், கோழிகள் வரையில் கண்டதையெல்லாம் எடுத்துச் சென்றார்கள். அந்தக் குளிர் காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தார் அனுப்பிய தானியத்தைக் கொண்டுதான் கிராமத்தார் கழிக்க நேர்ந்தது.

பிறகு சர்க்கார் கவனம் செலுத்தினார்கள். 1937-ல் மத்திய சர்க்காரின் குடியேற்ற இலாகா அப்பண்ணை நிலத்தை, சுமார் 10,000 ஏக்கர் அளவில், விலைக்கு வாங்கியது. வீடுகளும், பள்ளிக்கூடமும், பருத்தி அரைவை ஆலையும், ஐக்கியக் கடையும் ஏற்பட்டன. 1940-ம் வருஷங்களில் குறைந்த வட்டிக் கடனில் நிலம் குடிகளுக்கே விற்கப்பட்டது. இதன் முழுப் பயனும் இருபது வருஷம் கழித்தே தெரிய வந்தது. அதைப் பின்னால் சொல்லுவோம்.

இனி, இவ்வூர் ஸ்திரீகளின் தையல் வேலைக்கு வருவோம். பலகை இடுக்குகளில் காற்றுப் புகும் குடிசைகளில் குளிர் தாங்குவதற்குக் கனத்த போர்வை வேண்டும், வாங்கப் பணமில்லை. ஆகையால், கிழிந்த கால்சட்டை, வேலைச் சட்டை, மாவு வந்த பை இவற்றைக் கத்தரித்து ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி தயார் செய்தார்கள். அதற்குக் கீழே பஞ்சு. பஞ்சுக்குக் கீழே அடித்துணி. பஞ்சும் விலை கொடுத்து வாங்கியதன்று. அரைவை ஆலைத் தரையில் சிதறிய கழிவைப் பொறுக்கி வந்து, கோலால் அடித்துப் பரத்திக்கொள்வார்கள்.

இவ்வேலையில் இரண்டு பாகங்கள் உண்டு. மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாகவே இணைப்பாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பது அவளுடைய சொந்த யோசனை. அதில் மற்றவர் தலையிடுவதில்லை. சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கும் ‘வீட்டுக் கூரை’ என்ற மாதிரி எல்லோருக்கும் தெரியும். அதையும் தன் மனம்போல் கோணலாக்கி, ‘என் வழி’ என்று சொல்லிக் கொள்வாள். மூன்று அடுக்கையும் சேர்த்து நெடுக நூலோட்டும் இரண்டாவது பாகம்தான் கூட்டு வேலை. மரச்சட்டத்தில் போர்வையை விரித்துக் கட்டி, நான்கு பக்கமும் அண்டை வீட்டுக்காரிகள் அமர்ந்து தைப்பார்கள். அறுவடை முடிந்த குளிர் மாதங்களில் இன்று ஒருத்தி வீடு, நாளை மற்றொருத்தி வீடு என்று முறை வைத்துச் சென்றார்கள். அங்கே தேவாலயப் பாட்டுப் பாடுவார்கள்; ஜெபம் செய்வார்கள்; யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதும் அங்கேதான் தெரியவரும்.

தன் வேலை தனக்குரியதென்ற பெருமையும், அதை முடிக்கப் பிறர் தன் வீட்டுக்கு வந்தே தீர வேண்டுமென்ற ஏற்பாடும் ஒன்றாக அமைந்திருப்பதே இம்முறையின் சிறப்பு என்பது எமது அபிப்பிராயம். முழுவதும் தனியே செய்யும் வேலையில் துணையில்லை. முழுவதும் கூட்டமாகச் செய்யும் வேலையில் கூச்சமுள்ளவள் ஓரத்தில் ஒதுங்கி விடுகிறாள். இங்கேயோ, வாய் திறவாதவளுக்கும் சட்டத்தின் ஒரு பக்கம் உண்டு.

துக்கத்திலும் இத்தையல் உதவியிருக்கிறது. 1942-ல் மிஸௌரி பெட்வே என்ற ஸ்திரீ தன் புருஷனை இழந்தாள். அவன் உழைப்பில் உடுத்திக் கிழிந்த சட்டைகளையும் கால்சட்டைகளையும் மகளுடன் உட்கார்ந்து பிரித்து, அவற்றாலேயே ஒரு போர்வை தைத்தாள். வெயிலில் வெளுத்த நீலமும், முழங்காலில் தேய்ந்த இடமும் அதில் அப்படியே தெரிகின்றன. அவனை நினைவில் வைத்துக்கொள்ளவும், அதைப் போர்த்துக்கொண்டு உறங்கவுமே அதைச் செய்தாள் என்று மகள் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறாள்.

1962-ல் ஜில்லா அதிகாரிகள் ஆற்றில் சென்றுகொண்டிருந்த ஓடத்தை நிறுத்தி விட்டார்கள். கறுப்பு ஜனங்கள் ஓட்டுரிமைக்குப் பெயர் பதிவு செய்யக் காம்டன் செல்வதைத் தடுப்பதற்கே அவ்வாறு செய்தார்கள் என்பது ஊராரின் உறுதியான எண்ணம். ஓடத்தில் சிறிது நேரத்தில் சேரக்கூடிய ஊருக்குச் சாலை வழியே சுமார் 40 மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அச்சமயத்தில்தான் முன்பு சொன்ன நிலம் உதவியது. ஜில்லாவின் வேறிடங்களில் பெயர் பதிந்த குடிகளை நிலச்சொந்தக்காரர்கள் வெளியேற்றினார்கள். சொந்த நிலமுள்ள கீஸ் பெண்ட் ஜனங்களை அவ்வாறு செய்ய இயலவில்லை.

1965-ம் வருஷ முடிவில் பிரான்ஸிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் அந்த ஜில்லாவில் பிரயாணம் செய்கையில், கொடியில் உலர்ந்துகொண்டிருந்த ஒட்டுப் போர்வைகளைக் கண்டார். ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்துச் சேகரித்து நியூயார்க் நகரில் ஏலம் விடுவித்தார். 1966 மார்ச்சு மாதத்தில் ஸ்திரீகள் காம்டனில் ஒரு தேவாலயத்தில் கூடி, ‘சுதந்திரத் தையல் கூட்டம்’ என்று பொருள்படும் பெயருடன் ஐக்கிய சங்கமொன்றை ஸ்தாபித்தார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் அம்மையார் நெடுங்காலம் அதன் மானேஜராயிருந்து நடத்தினார். சங்கம் கீஸ் பெண்டுக்கு அருகிலுள்ள ரெஹோபோத் என்ற இடத்தில் 23 ஏக்கர் வாங்கி, 1969-ல் தையல் கூடம் கட்டியது. வீட்டை இழந்த குடும்பங்களுக்கு அதே நிலத்தில் மனைகள் விற்கப்பட்டன. குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு நடந்தது. கைக்குழந்தைக்காரியை விட்டுவிட்டுக் கூட்டுத் தொழில் பேசும் சங்கங்கள் இதைக் கவனிப்பது நலம்.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். பெரிய கடைகள் கேட்டது ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே தையல். 1972 முதல் ஸீயர்ஸ் கம்பெனிக்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்தார்கள். சம்பளம் ஒழுங்காக வந்தது. தன் கையில் முதன்முதலாகப் பணம் கண்ட ஸ்திரீகள் பலர். ஆனால் ‘என் வழி’க்கு அங்கே இடமில்லை. அது பொறுக்காமல் விலகியவர்களும் உண்டு. மற்றவர்களோ கூடத்தில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தங்கள் மனம்போல் இணைத்தார்கள். பிற்காலத்தில் பொருட்காட்சிச் சாலைகள் விரும்பி வாங்கிய போர்வைகளில் அந்தத் துண்டுகளால் ஆனவையும் அடங்கும். கடையைத் திருப்தி செய்த உறைகளை இன்று நினைப்பவர் சிலரே. என்றாலும், உறை தைத்தது வீண் என்று சொல்ல மாட்டோம். அந்தச் சம்பளத்தில் எத்தனையோ அடுப்பு எரிந்தது.

2002-ல் ஹூஸ்டன் நகரிலும், பின் நியூயார்க்கிலும் கீஸ் பெண்ட் போர்வைகள் பொருட்காட்சிச் சாலைகளில் வைக்கப்பட்டு மிகுந்த புகழ் பெற்றன. புகழோடு சச்சரவும் வந்தது. லாபத்தில் தங்களுக்குரிய பங்கு வரவில்லையென்று சிலர் 2007-ல் நீதிஸ்தலம் சென்றனர். மறு வருஷம் வியாஜ்யங்கள் சமாதானத்தில் முடிந்தன. மாதிரியின் உரிமை யாருக்கு, படத்தை அச்சிட்டால் பணம் யாருக்கு என்பவற்றை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளாத எந்தச் சங்கத்துக்கும் இது நேரலாம்.

கூடித் தைப்பதன் பலனை ஆராய்ச்சியாளரும் விசாரித்திருக்கிறார்கள். 2013-ல் வெளிவந்த ஒரு விசாரணையில், பல தேசங்களில் கம்பளி நூல் பின்னுவோர் 3,545 பேர் பதில் எழுதினார்கள். அடிக்கடி பின்னுவோர் மனம் அமைதியடைவதாகவும், கூட்டமாகப் பின்னுவோர் மகிழ்ச்சியும் பிறருடன் பழக்கமும் அதிகப்படுவதாகவும் தெரிவித்தனர். பதில் எழுதியவர்கள் தாமே விரும்பிப் பின்னுபவர்கள் என்பதை மறக்கலாகாது. வெறுப்போடு உட்கார்ந்தவளுக்கும் அதே பலன் உண்டென்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

ஓடம் 2006-ல், 44 வருஷங்களுக்குப் பின், மறுபடியும் ஓடத் தொடங்கியது. 1966-ல் தோன்றிய சங்கம் அங்கத்தினர் முதுமையடைந்து குறைந்ததால் 2012-ல் மூடப்பட்டது. தையல் நிற்கவில்லை. 2022 முதல் அக்டோபர் மாதந்தோறும் கீஸ் பெண்ட் வீடுகளின் முன்னால் கொடி கட்டிப் போர்வைகளை வெளியே தொங்கவிடுகிறார்கள். வெளியூரார் வந்து தைத்தவளிடமே பேசி, அவளிடமே விலை கொடுத்து வாங்கிச் செல்லுகிறார்கள்.