18 வயதுக்குப் பிறகு எங்கே தங்குவது?

குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் அங்கே இடமில்லை. பெற்றோரிடம் வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த வயதில் தனியாக வீடு பிடித்தார்கள்? படிப்பு, முதல் வேலை, அது போனால் இன்னொன்று என்று அலையும் காலம் முழுக்க, ராத்திரி திரும்பிவர அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. இல்லத்துப் பிள்ளைகளுக்கு இல்லாதது அதுதான்.

முதல் தடை அட்வான்ஸ். சென்னையில் பல மாத வாடகையை மொத்தமாகக் கேட்கிறார்கள். புரோக்கர் கமிஷன் தனி. பணம் புரட்டினாலும் கேள்வி வரும்: "அப்பா என்ன பண்றார்? சொந்த ஊர் எது?" பதில் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். ஆதாரில் இருப்பதோ பல சமயம் இல்லத்தின் முகவரி.

அதனால் பலரும் தங்குமிடத்தோடு வரும் வேலையாகப் பார்த்துச் சேர்கிறார்கள். ஜவுளிக்கடை, பனியன் கம்பெனி, ஓட்டல் என்று. சம்பளம் குறைவென்றாலும் சாப்பாடும் படுக்கையும் உண்டு. ஆபத்தும் அங்கேதான். சூப்பர்வைசரோடு தகராறு, காய்ச்சலில் பத்து நாள் லீவு, கம்பெனிக்கு ஆர்டர் இல்லை. எது நடந்தாலும் வேலையும் இருப்பிடமும் ஒரே நாளில் போய்விடும். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நண்பன் ரூம். அங்கே ஓனர் சத்தம் போட்டால் இன்னொரு நண்பன். நடைபாதையில் படுக்காததால் இவர்கள் வீடற்றவர்களாக யார் கண்ணுக்கும் படுவதில்லை. பெண்பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். படுக்க இடம் போய்விடுமே என்று தொந்தரவைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முன்பின் தெரியாதவரை அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்கிறவர்களும் உண்டு.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, இல்லத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி தரலாம். தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாதது பெரிய குறை. அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகள் விதிவிலக்கான சூழ்நிலைகளில் 23 வயது வரை நீட்டிக்க இடம் தருகின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழு வீடுகளையும் சொல்கின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. சென்னையில் சாப்பாட்டோடு ஒரு ஹாஸ்டல் கட்டிலுக்கே அது பற்றாது. என்னைக் கேட்டால், குழு வீடுதான் இதில் உருப்படியான யோசனை. வேலை போனாலும் படுக்க இடம் இருக்கும். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும்.

உதவி கேட்க 18 முடியும்வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் நலக்குழுவின் உத்தரவு தேவைப்படும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார், பள்ளிச் சான்றிதழ்கள், இல்லத்தில் சேர்த்தபோது போட்ட உத்தரவின் நகல் எல்லாம் பிள்ளையின் கையில் இருக்கட்டும். வெளியே வந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தாலும், 21 நிறையாதவர்கள் கேட்கலாம்.