மணி அடித்தால் போதுமா?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பாலைவெளி. 1961ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி, இரவு மணி 9.01. அங்கிருந்த அணு உலைச் சோதனை நிலையத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. 'எஸ்.எல்.-1' என்ற சிறிய இராணுவ உலையிலிருந்து வந்த மணி அது.

அன்று காலையிலும் பிற்பகலிலும் அதே போல மணி அடித்து, போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லாமல் இருந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே ஆறு தீயணைப்பு வீரர்கள் ஒன்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நெருப்பைக் காணோம். ஆள் அரவமும் இல்லை. உலைக் கட்டடத்தின் படிகளில் ஏறும்போது, கையிலிருந்த கதிர்வீச்சு அளவுக் கருவி தன் கடைசி அளவையும் தாண்டிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு என்று அந்தக் கருவிக்குச் சொல்லத் தெரியாது. வீரர்கள் வந்த வழியே இறங்கினார்கள். பொறுப்பதிகாரிகள் வந்து உள்ளே நுழைவதற்குள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கடந்துவிட்டது.

உள்ளே மூன்று இளைஞர்கள் கிடந்தார்கள். உலையின் நடுவில் இருந்த கட்டுப்பாட்டுத் தண்டைப் பொருத்தும் வேலையில், சுமார் 10 செண்டிமீட்டர் மட்டும் தூக்க வேண்டியதை ஏறக்குறைய 50 செண்டிமீட்டர் தூக்கியதால் வந்த வினை அது. கண் இமைப்பதற்குள் உலை நீர் கொதித்து வெடித்தது. மூவரில் ஒருவருக்கு அப்போதும் உயிர் இருந்தது. வெளியே கொண்டுவந்த சற்று நேரத்தில் அவரும் போய்விட்டார்.

உலை ஏன் வெடித்தது என்பது ஒரு கதை. மணி அடித்த பிறகு என்ன நடந்தது என்பது மற்றொரு கதை. அணு ஆராய்ச்சி நிலையங்களின் அவசரகால ஆயத்தத்தைச் சோதிக்க வரும் அதிகாரிகள் தேடுவது இந்த இரண்டாவது கதையைத்தான்.

நமக்கும் உண்டு

'அமெரிக்காவில் நடந்தது நமக்கு எதற்கு?' என்று கேட்கலாம். நம் நாட்டிலும் ஓர் ஆராய்ச்சி உலை இருக்கிறது. சிலாங்கூர் மாநிலத்தில், காஜாங்கிற்கு அருகே பாங்கியில் உள்ள அந்த 'திரிகா' வகை உலை 1982 ஜூன் 28ஆம் தேதி முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. மறைந்த துன் டாக்டர் இஸ்மாயிலின் பெயரால் அதற்குப் 'புஸ்பாத்தி' உலை என்று பெயர். மின்சாரம் எடுப்பதற்காக அமைந்ததல்ல அது. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் உரியது. அதன் ஆற்றல் 1 மெகாவாட். எரிபொருள் அளவுக்கு மீறிச் சூடேறினால் அணுப்பிளவு தானாகவே தணியும்படி இவ்வகை உலை அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வீண் அச்சம் வேண்டாம்.

ஆனால் 'சின்ன உலைதானே' என்ற அலட்சியமும் வேண்டாம். ஐடஹோவில் மூன்று உயிரைக் குடித்த உலையும் 3 மெகாவாட் அளவுள்ள சின்ன உலைதான்.

சோதனையில் என்ன கேட்பார்கள்?

வருகிற அதிகாரி முதலில் திட்டப் புத்தகத்தைப் படிப்பார். பிறகு அதை மூடி வைத்துவிட்டு ஆட்களிடம் போவார். 'நள்ளிரவு இரண்டு மணிக்கு மணி அடித்தால் முதலில் யாரைக் கூப்பிடுவாய்?' என்று இரவுக் காவலாளியைக் கேட்பார். காவலாளி தடுமாறினால், அந்தப் புத்தகம் எத்தனை கனமாக இருந்தாலும் பயனில்லை.

அடுத்து, கருவிகள். கதிர்வீச்சை அளக்கும் கருவி எந்த அளவு வரை காட்டும்? கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? மின்கலம் உயிரோடு இருக்கிறதா? எந்தக் கட்டடத்தை விட்டு ஓட வேண்டுமோ, அதே கட்டடத்துக்குள் எல்லாக் கருவிகளையும் பூட்டி வைத்திருக்கிறார்களா?

பிறகு, தலைக் கணக்கு. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்தவர்கள் அல்லவா நாம்! அணு நிலையத்திலும் மணி அடித்ததும் எல்லாரும் குறித்த இடத்தில் கூட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அவர் யார், கடைசியாக எங்கே இருந்தார் என்று சில நிமிடத்தில் சொல்லியாக வேண்டும். அன்று வந்த விருந்தாளியும், கூரை பழுதுபார்க்க வந்த குத்தகைத் தொழிலாளியும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

சொல்லாமல் விட்ட ஒரு சொல்

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. உதவிக்கு வருகிறவனுக்கு உண்மையைச் சொல்கிறீர்களா என்பதுதான் அது. அதன் அருமையை ஜப்பான் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

தோக்காய்முரா என்ற ஊரில், ஒரு சோதனை உலைக்கு எரிபொருள் தயாரித்துவந்த தொழிற்கூடம் இருந்தது. 1999 செப்டம்பர் 30ஆம் தேதி காலை 10.35க்கு, அங்கே மூன்று தொழிலாளர்கள் யுரேனியக் கரைசலை வாளியால் ஒரு தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 2.4 கிலோவுக்கு மேல் யுரேனியம் போகக்கூடாத தொட்டியில் 16 கிலோவுக்கு மேல் போய்விட்டது. அணுப்பிளவு தானே தொடங்கி, ஏறக்குறைய 20 மணி நேரம் விட்டுவிட்டு நடந்தது. இரண்டு தொழிலாளர்கள் மாதக்கணக்கில் துன்பப்பட்டு இறந்தார்கள்.

அங்கே இப்படி ஒரு விபத்து நேரவே முடியாது என்று முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். அதனால் அதற்கென்று எச்சரிக்கைக் கருவியும் இல்லை, திட்டமும் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட்டவர்கள் கதிர்வீச்சைப் பற்றிச் சொல்லவில்லை. வந்த ஊழியர்கள் மூவரும் பாதுகாப்பு உடையில்லாமல் போய்க் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், ஊர்த் தலைவர் தாமே துணிந்து 350 மீட்டருக்குள் இருந்த மக்களை வெளியேற்றினார். அப்போது பிற்பகல் மூன்று மணி. விபத்து நடந்து நான்கு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அன்றிரவு, 10 கிலோமீட்டருக்குள் வசித்த மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பான் அணு அவசரநிலைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது.

ஆகவே, நல்ல பரிசோதகர் நிலையத்தின் வேலிக்கு வெளியேயும் போவார். பக்கத்துப் பொம்பா நிலையத்துக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? கதிர்வீச்சுப் பட்ட நோயாளியை ஏற்க மருத்துவமனையில் தனி அறை உண்டா? அக்கம்பக்கத்து மக்களுக்கு யார், எந்த மொழியில் சொல்வார்கள்?

குறையில்லாத ஒத்திகை

ஒத்திகை நடக்கும்போது ஒவ்வொரு செய்தியோடும் 'இது பயிற்சி' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். ஊரில் பீதி கிளம்பக்கூடாது அல்லவா? ஒத்திகை முடிந்ததும் குறைகளைப் பட்டியலிடுவார்கள். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அனுபவமுள்ள அதிகாரி மகிழமாட்டார், சந்தேகப்படுவார். எளிதான ஒத்திகையை நடத்திவிட்டு முதுகில் தட்டிக்கொண்டார்களோ என்று பார்ப்பார். போன ஆண்டு கண்ட குறை இந்த ஆண்டும் அப்படியே இருந்தால், அதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை.

நம் பங்குக்கு நாமும் சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். இத்தகைய அறிவிப்பு வந்தால் வீட்டுக்குள் சென்று கதவு, சன்னல்களை மூடி, வானொலி அறிவிப்பைக் கேட்க வேண்டும். அதிகாரிகள் சொல்லாமல் அயோடின் மாத்திரையை விழுங்கக்கூடாது. அது எல்லாக் கதிர்வீச்சுக்கும் மருந்தல்ல. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும்.

ஐடஹோவில் மூன்றாம் முறையாக மணி அடித்தபோது, அந்த ஆறு பேரும் 'பொய் மணி' என்று படுத்திருக்கவில்லை, எழுந்து போனார்கள். அவர்கள் கடமையில் குறையில்லை. ஏறிப் போனவர்களின் கையில் போதிய கருவியைக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் வேறு. அந்தக் கடமை நிறைவேறியதா என்பதை மணி அடிப்பதற்கு முன்பே போய்ப் பார்ப்பதற்குப் பெயர்தான் பரிசோதனை.