வளைய மறுக்கும் முழங்கை

மகாவலிக் கரையில் இருக்கும் கட்டுகஸ்தோட்டையில் மழை பெய்தால் அலுமாரிக்குள்ளும் ஈரம் புகுந்துவிடும். பல வருடங்கள் அங்கே நின்ற பொம்மை வீரனை எடுத்துக் கையை வளைத்தால், வளையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் "டக்".

ஏன் இறுகுகிறது?

மூட்டு என்பது ஒரு குழிக்குள் சுழலும் சிறு முளை. தொழிற்சாலையில் பூசிய வர்ணம் அந்த இடுக்கில் காய்ந்து இரண்டையும் ஒட்டிவிடலாம். மென்மையான பிவிசியில் நெகிழ்வுக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். 1964இல் வந்த ஜி.ஐ. ஜோ போன்ற பழைய பொம்மைகளில் உலோக ரிவெட்டுகளும் உண்டு. அவற்றை ஈரம் துருப்பிடிக்க வைக்கும்.

எப்படி விடுவிப்பது?

சுடுநீர். கொதிநீர் அல்ல, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமானது போதும். மூட்டை ஓரிரு நிமிடம் அமிழ்த்தினால் பிவிசி இளகும். சூட்டில் குழி சுருங்கும் என்று நினைப்பது தவறு: சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரிய, குழியும் அகலமாகிறது. வெளிப்புறம் முதலில் சூடாவதால் முளையின் மீதான பிடி தளரும். பிறகு மூட்டுக்கு மிக அருகில் பிடித்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் நெம்புகோல் விசை முளையை ஒடித்துவிடும். ரிவெட் உள்ள மூட்டை நீரில் போடாமல், தலைமுடி உலர்த்தியால் சூடாக்கலாம்.

அசைந்ததும் ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய். பெட்ரோலிய எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு விழச் செய்யும்.