குடும்பத்துக்கு ஜீப்பா? குதிரைசக்திக்கு முன்னால் தலைகளை எண்ணுங்கள்!

கழக்கூட்டம்: டெக்னோபார்க்கில் வேலை விடும் நேரத்தில் இங்குள்ள தேசிய நெடுஞ்சாலை ஓரமாகச் சற்று நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். காடு மேடு ஏறுவதற்கென்றே செய்த ஜீப் ரக வண்டிகள், பெரிய பெரிய டயர்களுடன், கார்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக நகர்ந்து கொண்டிருக்கும். மலைக்குப் போவது எப்போதோ ஒருநாள். ஆபீசுக்குப் போவது தினமும்.

தென்காசி, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கங்களிலிருந்து வந்து இங்கே கடை வைத்தும் உத்தியோகம் பார்த்தும் வாழும் நம்மவர்களிடையிலும் இந்த ஜீப் ஆசை பரவியிருக்கிறது. பாலோடு, விதுரா பக்கம் கொஞ்சம் ரப்பர் நிலம் உள்ளவர்கள் பலர். மாதம் ஒருமுறை குளத்துப்புழை, தென்மலை வழியாகச் செங்கோட்டை தாண்டிச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் பலர். ‘நல்ல பலமான வண்டியாக ஒன்று வாங்கிப் போட்டால் பதினைந்து வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று இவர்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் பலம் எங்கே தேவைப்படுகிறது, எத்தனை நாள் தேவைப்படுகிறது என்று கணக்குப் பார்க்காமல் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால், யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

ஜீப் வந்த கதை

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி ஜீப். 1945-ல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். கம்பெனி ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆயிற்று. 1947 முதல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டி விற்றார்கள். பிறகு அந்த ஜீப்பின் வாரிசுகள் கேரளத்து மலைகளெங்கும் பரவின. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்கள் இன்றைக்கும் விடியற்காலையில் நெருக்கியடித்து ஏறுவது ஜீப்பில்தான். கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டு மண். ஆனால் அங்கே போகக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் வழி. அந்த வழியில் ஜீப் தவிர வேறு வண்டி போவதில்லை.

இன்னொரு பக்கம், 1985 டிசம்பரில் மாருதி கம்பெனி ‘ஜிப்ஸி’யைக் கொண்டுவந்தது. ஜப்பான் சுசுகியின் சின்ன ஜீப் அது. முதலில் வந்த வண்டிக்கு இன்ஜின் 970 சி.சி., சக்தி ஏறக்குறைய 45 குதிரை. இன்றைய சிறிய கார்களைவிடக் குறைவு! ஆனால் அந்தப் பொடி வண்டியை நமது ராணுவம் ஆயிரக்கணக்கில் வாங்கி எல்லை மலைகளில் ஓட்டியது. 1996-ல் 1,300 சி.சி. இன்ஜின் பொருத்தி ‘ஜிப்ஸி கிங்’ என்று வந்தது. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது.

45 குதிரையை வைத்துக்கொண்டு அது எப்படி மலை ஏறியது? இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மலை ஏறுவது எது?

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். இன்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காவிட்டால் வண்டி நகராது. நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். மழையில் தண்டவாளம் வழுக்கும்போது சக்கரத்தின் கீழே மணல் தூவுவதற்கென்றே இன்ஜினில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். சக்திக்கு முன்னால் பிடிமானம் வேண்டும்.

ஜீப்பும் அப்படியே. சேற்றிலும் சரளையிலும் அதை ஏற்றிவிடுபவை நான்கு. முதலாவது, நான்கு சக்கரத்துக்கும் இழுவை போவது. இரண்டாவது, ‘லோ ரேஞ்சு’ எனப்படும் தனிக் கியர்; இதைப் போட்டால் வேகம் குறைந்து இழுவை பெருகும். மூன்றாவது, வண்டியின் அடிவயிறு கல்லில் இடிக்காத உயரம். நான்காவது, வண்டியின் எடை; கனம் குறைந்த வண்டி சேற்றில் அவ்வளவாகப் புதையாது. ஜிப்ஸியிடம் இந்த நான்கும் இருந்தன. குதிரைசக்தி பெரிதும் உதவுவது நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போதும், முழுப் பாரத்தோடு நீண்ட ஏற்றத்தில் வேகம் குறையாமல் போவதற்கும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலை என்றாலே ஜீப் வேண்டும் என்பது தப்பெண்ணம். கல்லாறிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து பொன்முடிக்கு அரசு பஸ் போய் வருகிறது. அதற்கு இழுவை பின் சக்கரங்களில் மட்டுமே. தார் போட்ட சாலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் சாதாரணக் காரே போதும். தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில்தான் ஜீப்புக்கு வேலை.

இரண்டு வண்டிகள்

இன்று கடைக்குப் போகிறவர் முன் நிற்பவை முக்கியமாக இரண்டு: மகிந்திராவின் தார், மாருதியின் ஜிம்னி.

இப்போதைய உருவத்தில் தார் 2020-ல் வந்தது. 2.2 லிட்டர் டீசல் இன்ஜின் 130 குதிரை. 2 லிட்டர் பெட்ரோல் 150 குதிரை. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு கரைபுரண்டு டெக்னோபார்க் சுற்றுவட்டாரம் வெள்ளக்காடானதை மறக்காதவர்களுக்கு இந்தக் கணக்கு இனிக்கும். (ஓடுகிற வெள்ளத்தில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது, அது வேறு.) மோதல் சோதனையில் 2020-ல் குளோபல் என்கேப் 4 நட்சத்திரம் கொடுத்தது. குறை என்ன? பக்கக் கதவு இரண்டே. முன் சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும்.

ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. ஒன்றரை லிட்டர் பெட்ரோல், 103 குதிரை. எடை சுமார் 1,200 கிலோ. தாரைவிட ஏறக்குறைய அரை டன் குறைவு. உயரம் 210 மில்லிமீட்டர். எல்லா ரகத்திலும் போர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் 6 காற்றுப் பைகளும் உண்டு. ஐந்து கதவு, கிழவர்களும் குழந்தைகளும் ஏற எளிது. கியர் வண்டி லிட்டருக்கு 16.94 கி.மீ. ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. ஆனால் சாமான் வைக்க இடம் 208 லிட்டரே. தென்காசிக்குப் புறப்பட்டால் பலாப்பழம் ஒன்று மடியில் இருக்க வேண்டியதுதான்! மோதல் சோதனையில் 2018-ல் ஐரோப்பாவில் மூன்று கதவு ஜிம்னிக்குக் கிடைத்தது 3 நட்சத்திரம். இதே ஐந்து கதவு வண்டி குருகிராமிலிருந்து ஜப்பானுக்கே போகிறது. 2025 ஜனவரியில் அங்கே அறிமுகமான சில நாட்களிலேயே சுமார் 50 ஆயிரம் பேர் பதிந்துவிட, முன்பதிவை நிறுத்தி வைத்தார்கள்.

2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸ் ஐந்து கதவு வண்டி. 5 பேர் உட்காரலாம். பாரத் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம். போர் வீல் டிரைவ் வேண்டுமானால் டீசல்தான். அகலம் 1,870 மில்லிமீட்டர். ஜிம்னியோ 1,645. வித்தியாசம் சரியாக ஒரு சாண். மதிலுக்கு மதில் ஒட்டிய நமது கழக்கூட்டம் சந்துகளில் எதிரே ஆட்டோ வரும்போது அந்த ஒரு சாணின் மதிப்புத் தெரியும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர். மனைவி, காலேஜில் படிக்கும் மகன், பள்ளியில் படிக்கும் மகள், எழுபது தாண்டிய தாயார். பாலோட்டைத் தாண்டி மூன்று ஏக்கர் ரப்பர். தார் சாலையிலிருந்து நிலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. பல வருஷச் சீட்டு முதிர்ந்து கையில் பணம் வந்தது. மகன் ‘தார்’ என்றான். மனைவி, ‘பெட்ரோல் செலவுக்குக் கடையையும் விற்கணும்’ என்றார். “அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று நண்பர் வந்து நின்றார்.

முதலில் வீட்டில் உள்ள தலைகளை எண்ணச் சொன்னோம். ஐந்து. தாரிலும் ஜிம்னியிலும் பதிவுச் சான்றிதழ்ப்படி இருக்கை நான்கு! சண்டையே இந்த இரண்டு வண்டிக்கும் இடையில்தான் நடந்து கொண்டிருந்தது. ஒரு மாதமாக யாரும் இதை எண்ணவில்லை. ஐந்தாவது ஆளாக விடப்படப் போகிறவர் யார் என்றும் சொல்ல வேண்டியதில்லை. தாயாரையும் அழைத்துப் போய் வண்டியைக் காட்டினார்கள். உயரமான படியைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னது: “ஏறிருவேம்பா, எறங்குறதுக்கு ஆளு வேணுமே!”

அடுத்து நாட்களை எண்ணினோம். நிலத்துக்கு வாரம் ஒருநாள். அந்த இரண்டு கிலோமீட்டரிலும் வண்டி திணறுவது எங்கே என்று நடந்தே பார்த்தோம். செங்குத்தாக ஏறும் ஓரிடம். இருநூறு மீட்டர் இருக்கும். மழையில் அது மட்டும் சோப்புப் போட்டது போல வழுக்கும். மற்றதெல்லாம் சாதாரணக் காரும் போகக்கூடிய பாதை. ஆக, இருநூறு மீட்டருக்காக ராக்ஸ் 4x4-க்குச் சில லட்சம் கூடுதல்.

அதே பாதையில் நிலம் உள்ள மேலும் மூவரைக் கூட்டி நண்பர் பேசினார். நால்வரும் பங்கு போட்டு அந்த ஏற்றத்தில் சக்கரம் ஓடும் இடத்துக்கு மட்டும் இரண்டு சிமென்ட் பட்டைகள் போட்டார்கள். மலைத் தோட்டங்களில் இப்படிப் போடுவது பழைய வழக்கம். பிறகு, அடிவயிறு சற்று உயர்ந்த ஐந்து இருக்கைக் கார் ஒன்றை வாங்கினார். ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. பையனுக்கு மட்டும் மனக்குறை. மிச்சப்பட்ட பணம் அவன் படிப்புக்குத்தான் போகிறது என்பது அவனுக்கும் தெரியும்.

பத்து வருஷச் செலவு

பாதையைச் சரிசெய்ய முடியாதவர்கள் ஜீப்தான் வாங்க வேண்டும். அவர்கள் விலைச்சீட்டோடு நின்றுவிடாமல் பத்து வருஷச் செலவைப் பார்க்க வேண்டும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால் 67 லிட்டர், 10 கி.மீ. கொடுத்தால் 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,300 ரூபாய் வித்தியாசம். பத்து வருஷத்தில் ஏறக்குறைய 4 லட்சம்! பெரிய டயர் மாற்றுவதும் இன்ஷூரன்சும் தனி. கேரளத்தில் சாலை வரி 15 ஆண்டுக்கு ஒரே தடவையாகக் கட்டுவது. வண்டி விலை ஏற ஏற வரி விகிதமும் ஏறும்.

சிலர் வரிக்குப் பயந்து ஊரில் பதிந்து இங்கே ஓட்டுகிறார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பெரிய டயர், கூரை விளக்கு என்று கம்பெனி தராததை மாட்டுவதிலும் ஜாக்கிரதை தேவை. வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான்.

வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்த வண்டிகளில் காய்ந்த தார் சாலையில் போர் வீல் போட்டு ஓட்டினால் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக் கெடும். அதற்காகப் போடாமலே வைத்திருப்பதும் சரியல்ல. மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டுச் சற்று ஓட்டினால்தான் உள்ளே எண்ணெய் பரவும்.

முடிவாக

நான்கு பேர் வரையுள்ள குடும்பம், குறுகிய சந்து, வாரந்தோறும் சேற்றுப் பாதை என்றால் ஜிம்னி போதும். ஐந்து பேர், நெடுந்தூரப் பயணம், பணத்துக்குத் தட்டில்லை, மண் பாதையும் உண்டு என்றால் ராக்ஸ். மூன்று கதவுத் தார், பின் சீட்டில் பெரியவர்கள் ஏறத் தேவையில்லாத வீட்டுக்கு. வருஷத்தில் ஓரிரு தடவை கொழுக்குமலை போன்ற இடம் பார்க்க ஆசையா? சூரியநெல்லியில் வாடகை ஜீப் நிற்கிறது. அந்த டிரைவருக்கு வழியும் தெரியும், வளைவும் தெரியும்.

கடைக்குப் போகும்போது மகனை மட்டும் கூட்டிப் போகாமல், வீட்டில் வயதானவர் யாரோ அவரையும் கூட்டிப் போங்கள். வண்டியில் ஏறி இறங்கி அவர் சொல்லும் தீர்ப்பைக் கேட்டபிறகு முன்பணம் கட்டுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது வண்டிக்கும் பொருந்தும்.