மனத்தராசுக்கும் முத்திரை வேண்டும்

கடை திறந்ததும் நாம் தராசைப் பார்க்கிறோம். தட்டில் ஒன்றும் இல்லாதபோது முள் நடுவில் நிற்க வேண்டும். மின்னணுத் தராசு என்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். எடையளவுச் சட்டப்படி மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை வைத்துக்கொள்கிறோம்.

ஆனால் இந்தச் சரக்கை வாங்கலாமா, இவருக்குக் கடன் தரலாமா, இந்த விலைக்கு விற்றுவிடலாமா என்று காலை முதல் இரவு வரை எடை போட்டுக்கொண்டிருப்பது நம் மனம். அதன் முள் சரியாக நிற்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். முள்ளைச் சாய்க்கும் காரணங்கள் நான்கை இங்கே எடுத்துக்கொள்வோம்.

1. களைப்பு

விழுப்புரம் எம்.ஜி. ரோடானாலும் திண்டிவனம் நேரு வீதியானாலும், காய்கறி, பூ, பால் வியாபாரம் செய்வோருக்கு விடியற்காலை 4 மணிக்கே பொழுது விடிந்துவிடுகிறது. இரவு 9 மணிக்குக் கல்லாவை எண்ணும்போது 17 மணி நேரம் விழித்திருந்தாயிற்று. 1997ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் இதைச் சோதித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவருடைய கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடைய அளவுக்கு மங்கிவிடுகிறது என்று கண்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையே 30 மில்லிகிராம்தான்.

ஒரு சொட்டு மதுவும் தொடாதவர் அந்த நிலையில் உட்கார்ந்து, தொலைபேசியில் 50 மூட்டைக்கு 'சரி, அனுப்புங்கள்' என்று சொன்னால் என்ன ஆகும்? ஆகவே இரவில் கணக்கு முடிக்கலாம், புதிய கொள்முதல் வேண்டாம். 'காலையில் சொல்கிறேன்' என்ற சொல்லால் நாணயம் குறைந்துவிடாது.

2. பசியும் உடம்பும்

கூட்டம் குறையட்டும் என்று பகல் சாப்பாட்டை 3 மணி, 4 மணி வரை தள்ளிப்போட்டு, இடையில் தேநீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பது நம்மில் பலருக்கு வழக்கம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இது ஆபத்து. சாப்பாடு தவறினால் இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும், கணக்குக் குழம்பும். கடைப் பையன்மீது வந்த கோபம் என்று நாம் நினைப்பது சில வேளைகளில் இந்தச் சர்க்கரைக் குறைவாகவே இருக்கும்.

இரத்த அழுத்தமோ அடையாளம் எதுவும் காட்டாமலே ஏறும். 140/90 என்ற அளவை எட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்த்துக்கொள்ளலாம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஊழியருக்கு நாற்காலி போடும் முதலாளி, தமக்கும் அரை மணி நேர ஓய்வை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

3. கோபம்

பழைய பாக்கி வைத்திருப்பவர் மறுபடியும் கடன் கேட்டு வருகிறார். நாலு பேர் எதிரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அவர் மறுநாள் முதல் பக்கத்துக் கடைக்குப் போகிறார். வாடிக்கையும் போயிற்று, பாக்கியும் போயிற்று. கோபம் வரும்முன் உடம்பு சொல்லிவிடும்: குரல் உயரும், தாடை இறுகும், மூச்சு வேகமாகும். அந்த அடையாளம் தெரிந்ததும் எழுந்து உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். பாக்கி கேட்பது நம் உரிமை. அதைத் தனியே அழைத்துக் கேட்பதே வசூலுக்கு வழி.

4. நஷ்ட பயம்

மற்ற மூன்றையும்விட இது நுட்பமானது. 100 ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட 100 ரூபாய் போன வருத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பார்கள் மனநூலார். இது பற்றி டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் எழுதிய ஆய்வு பெயர் பெற்றது. கானமன் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

நம் வட்டாரத்து மணிலாவையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 5 லட்சத்துக்கு மணிலாப் பயறு வாங்கிக் கிடங்கில் போட்டார். விலை இறங்கிற்று. 'வாங்கின விலையாவது வரட்டும்' என்று காத்திருக்கிறார். நூற்றுக்கு 2 வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய். நான்கு மாதத்தில் 40,000. கிடங்கு வாடகை தனி. பயறு காறல் அடிக்கும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: 'இந்தச் சரக்கு என்னிடம் இல்லாதிருந்தால், இன்றைய விலைக்கு இதை நான் வாங்குவேனா?' வாங்கமாட்டேன் என்றால் விற்றுவிடுவதே சரி. வாங்கிய விலை நேற்றைய கணக்கு. சந்தைக்கு அது தெரியாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. இப்படிப்பட்ட வெள்ளத்தில் நனைந்த அரிசியையும் பருப்பையும் காயவைத்து விற்றுவிடலாமா என்று மனம் கேட்கும். கேட்பது நஷ்ட பயம். வெள்ள நீரில் நனைந்த உணவுப் பொருள் நோய் தரும். பல ஆண்டு சேர்த்த பெயரையும் கெடுக்கும். அந்த நேரத்தில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கவும் கை நீளும். நம்பிக்கையான ஒருவரிடம் பேசி, இரண்டு நாள் கழித்து முடிவு செய்வோம்.

செய்ய வேண்டியது

நாள்வழிக் குறிப்பின் ஓரத்தில் ஒரு கட்டம் போடுவோம். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே மூன்று செய்திகளை எழுதுவோம்: எத்தனை மணிக்கு முடிவு செய்தோம், அப்போது மனம் எப்படி இருந்தது, ஏன் அப்படி முடிவு செய்தோம். மூன்று மாதம் கழித்து லாப நஷ்டத்தோடு ஒப்பிட்டால், எந்த நேரத்து முடிவுகள் நமக்குக் காசு தந்தன, எவை காசைக் கரைத்தன என்பது நம் கையெழுத்திலேயே தெரியும். ஒருவருக்குக் களைப்பு பகை, மற்றவருக்குக் கோபம் பகை. அது நம் ஏட்டில்தான் இருக்கும்.

திருக்குறள் 'வலியறிதல்' அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் எடை போட வேண்டியவற்றுள் தன் வலிமையையும் ஒன்றாக வள்ளுவர் வைத்தார். சரக்கின் தரத்தையும் சந்தையின் போக்கையும் அறிந்த நாம், அவற்றை எடை போடுகிற மனத்தையும் அறிந்துகொண்டால் முதலும் நிலைக்கும், உடம்பும் நிலைக்கும். நாளைக் காலை கடை திறந்ததும் தராசைத் துடைக்கும்போது, நம்மையும் ஒரு நிமிடம் பார்த்துக்கொள்வோம்.