ஊர் மாறினால் சுருதி இறங்கிய ஆர்கன்

1906-இல் அமெரிக்காவில் ஒரு வாத்தியம் ரயிலேறியது. ஒரே வாத்தியம்தான். ஆனால் அதை ஹோலியோக் என்ற ஊரிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 30 ரயில் பெட்டிகள் தேவைப்பட்டன! எடை சுமார் 200 டன். பெயர் டெல்ஹார்மோனியம், அதை உருவாக்கியவர் தாடியஸ் கேஹில்.

ஏன் இத்தனை கனம்? அதற்குள் இருந்தவை தந்தியோ தோலோ அல்ல, மின்சாரம் உண்டாக்கும் டைனமோக்கள். டைனமோ சுற்றும் வேகத்துக்கு ஏற்ப மின்சாரம் அதிரும். அந்த அதிர்வைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பினால் மறுமுனையில் சுரமாகக் கேட்கும். ஆனால் சின்ன மின் அதிர்வைப் பெரிதாக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர் அப்போது புழக்கத்தில் இல்லை. கேட்கும் அளவு சத்தம் வர வேண்டுமானால் அத்தனை பலத்தையும் டைனமோவே தந்தாக வேண்டும். அதனால்தான் அது ஒரு மின் நிலையம் போல வளர்ந்துவிட்டது.

ஆம்ப்ளிஃபயர் வந்ததும் கதை மாறியது. 1935-இல் லாரன்ஸ் ஹேமண்ட் என்பவர் அதே யோசனையை ஒரு மேசைக்குள் அடக்கினார். உள்ளங்கையில் அடங்கும் இரும்புச் சக்கரம், அதன் விளிம்பில் மேடு பள்ளங்கள், பக்கத்தில் கம்பி சுற்றிய ஒரு காந்தம். ஒவ்வொரு மேடும் காந்தத்தைக் கடக்கும்போது கம்பியில் மின்சாரம் ஒருமுறை துடிக்கும். 16 மேடுகள் உள்ள சக்கரம் விநாடிக்கு இருபத்தேழரை முறை சுற்றினால் எத்தனை துடிப்பு? பெருக்கிப் பாருங்கள். 440. இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் அதே எண்!

ஹேமண்ட் ஆர்கனில் பி-3 என்ற மாடல் மிகவும் பெயர்பெற்றது. கால் கட்டைகளும் பெஞ்சும் சேர்த்தால் ஏறத்தாழ 190 கிலோ. அதை மாடிப்படியில் ஏற்றி இறக்கியவர்களின் முதுகுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் இந்த ஆர்கனை வெளியூர் கொண்டுபோகிறவர்களுக்கு கனத்தைவிடப் பெரிய தலைவலி ஒன்று காத்திருந்தது.

சக்கரங்களைச் சுற்றும் மோட்டாரின் வேகத்தை முடிவு செய்வது சுவரில் இருக்கும் மின்சாரம். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் 50 முறைதான். அமெரிக்க ஆர்கனை லண்டனில் செருகினால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். 440 வரவேண்டிய இடத்தில் சுமார் 367 வரும். கித்தார்காரர் ஒரு சுருதி, ஆர்கன்காரர் இன்னொரு சுருதி! வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதற்கு உதவாது. அது மின்சாரத்தின் அழுத்தத்தை மாற்றுமே தவிர, 50-ஐ 60 ஆக்காது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போகலாம், ஊர் மின்சாரத்தை அப்படித் தூக்கிப் போக முடியாதே.

1970-இல் வந்த மினிமூக் என்ற சிந்தசைசரில் சுழலும் சக்கரம் கிடையாது. ஒலியை டிரான்சிஸ்டர்களே உண்டாக்கின. ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் டிரான்சிஸ்டருக்குச் சூடு பட்டால் அதில் ஓடும் மின்சாரத்தின் அளவு மாறும், கூடவே சுருதியும் நழுவும். குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கி, விளக்குகள் கொதிக்கும் மேடையில் வைத்தால் கேட்கவா வேண்டும்? அதனால் கச்சேரிக்கு வெகுநேரம் முன்பே அதை ஆன் செய்து, உடம்பு சூடேறிய பிறகு சுருதி சேர்ப்பார்கள்.

சரி, நீங்கள் கச்சேரி மேடைப் பக்கம் போயிருந்தால் பாட்டு தொடங்குமுன் ஸ்பீக்கரில் ஒரு 'ம்ம்ம்ம்' கேட்டிருப்பீர்கள். அதுவும் சுவர் மின்சாரத்தின் வேலைதான். விநாடிக்கு 50 முறை ஆடும் அந்த மின்சாரம் பக்கத்து ஒயர்களிலும் சின்னதாகத் தொற்றிக்கொள்ளும். கீபோர்டு மேடையில், எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸர் கூட்டத்தின் பின்னால். நடுவில் நீளமான கேபிள். வழியெல்லாம் இரைச்சல் ஏறும்.

இதற்குச் சவுண்டு அண்ணன்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கீபோர்டு ஒயரை டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியில் செருகுவார்கள். அது ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் அனுப்பும், ஆனால் ஒன்றில் தலைகீழாக. முதல் கம்பியில் +5, இரண்டாவதில் −5 என்று வையுங்கள். வழியில் 2 அளவு இரைச்சல் இரண்டிலும் ஒரேபோல ஏறுகிறது. இப்போது +7, −3. மிக்ஸர் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும். 7 − (−3) = 10. இரைச்சல் எங்கே? காணோம்! பாட்டு மட்டும் இரண்டு மடங்காக மிஞ்சியது. ஏழாம் வகுப்புக் கழித்தல்தான், ஆனால் பெரிய மைதானக் கச்சேரிகளும் இதை நம்பித்தான் நடக்கின்றன.

இரண்டு கீபோர்டுகளை ஒன்றோடொன்று பேச வைக்க 1983-இல் 'மிடி' என்ற முறை வந்தது. அதில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. செய்தி கேபிளில் மின்சாரமாக வரும். வாங்கும் கருவியின் வாசலில் ஒரு குட்டி விளக்கு அதற்கேற்ப மின்னும். எதிரே இருக்கும் ஒளி உணரி அதைப் பார்த்துச் செய்தியைப் படித்துக்கொள்ளும். நடுவில் தாண்டுவது ஒளி மட்டுமே என்பதால் ஒரு கருவியின் இரைச்சல் மின்சாரம் இந்த வழியாக அடுத்ததற்குள் நுழையாது. இன்று பலர் லேப்டாப்பை யு.எஸ்.பி. கேபிளில் இணைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் இந்த விளக்கு ஏற்பாடு இல்லை. 'ம்ம்ம்' திரும்பி வந்துவிடுகிறது, யாராவது ஓடிப்போய் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். இந்த விஷயத்தில் பழைய மிடி கேபிளுக்குத்தான் என் ஓட்டு.

எல்லாவற்றையும் இணைத்தாயிற்று. எதை முதலில் ஆன் செய்வது? கீபோர்டு, பிறகு மிக்ஸர், கடைசியாகத்தான் ஆம்ப்ளிஃபயர். எந்தக் கருவியையும் போடும் அந்த நொடியில் உள்ளே மின்சாரம் குபீரென்று எழும். ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே விழித்திருந்தால் அந்தத் துள்ளலையும் பெரிதாக்கி 'டொம்' என்று ஸ்பீக்கரில் அடித்துவிடும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்தாலும் ஆச்சரியமில்லை. கச்சேரி முடிந்து அணைக்கும்போது வரிசை அப்படியே தலைகீழ். ஆம்ப்ளிஃபயருக்குத்தான் முதலில் தூக்கம்.