சூளை அமைக்குமுன் அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்கும்போது மேற்படையில் கிடைக்கும் களிமண் இத்தொழிலுக்கு உதவுகிறது. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்காப்புப் பீங்கான்கள் முதலியன இங்கே உருவாகின்றன.

தொழில் பெருகுவது நன்மையே. ஆயினும் பீங்கான் வெந்து இறுகுவதற்கு ஏறத்தாழ 1,200 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். அதற்காக எரியும் சூளையின் புகை, காற்றடிக்கும் பக்கத்து வயலை அடையும். அரைத்த மண்ணின் தூசி பயிரின்மீது படியும். களிமண் கலந்த கழிவுநீர் வாய்க்காலைத் தூர்க்கும். ஆகவே, சூளைக்கு அனுமதி கோரும் விண்ணப்பம் விண்ணப்பதாரரை மட்டும் பொறுத்ததன்று. அண்டை நிலத்தாரின் வாழ்வையும் பொறுத்ததாகும்.

பெரிய சுரங்கங்கள், ஆலைகள் பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்பது 1997-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாயிற்று. 2006-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துரைக்க 30 நாட்களுக்குக் குறையாத அவகாசம் அளிக்க வேண்டும். சிறு பீங்கான் சூளைகள் அவ்வறிவிக்கையின் பட்டியலில் இல்லை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைக் கோருகின்றன. எனினும், வாரியத்திற்குச் சென்ற விண்ணப்பத்தை அடுத்த வயல்காரர் அறியாதிருக்கலாம். இக்குறையைப் பஞ்சாயத்து எளிதில் நீக்க இயலும்.

முதலாவதாக, விண்ணப்பதாரர் நிலத்தின் சர்வே எண், எரிபொருள், புகைபோக்கியின் உயரம், மண் குவிக்கும் இடம், கழிவுநீர் செல்லும் வழி, லாரி வரும் பாதை ஆகியவற்றை எளிய தமிழில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, அதன் பிரதியை நான்கு எல்லையிலும் உள்ள பட்டாதாரர்களிடம் தேதியிட்ட கையொப்பம் பெற்று வழங்க வேண்டும். பட்டாதாரர் வெளியூரில் வசிக்கலாம். புகையும் தூசியும் தாக்குவது குத்தகைக்குப் பயிரிடுபவரையே. அவரையும் விட்டுவிடலாகாது.

மூன்றாவதாக, பிரதி ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டிக் கிராமசபையில் படித்துக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. எழும் ஆட்சேபங்களையும் அவற்றிற்கான பதில்களையும் எழுதி வைத்தல் அவசியம்.

அறிவிப்பு வேறு, சம்மதம் வேறு என்பதை இருதரப்பாரும் உணர வேண்டும். பழைய பகையை மனத்திற்கொண்டு தொழிலைத் தடுக்க இது கருவியாகக் கூடாது. “என்ன மாற்றம் செய்தால் உங்கள் குறை தீரும்?” என்று அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். புகைபோக்கியை உயர்த்துவது, மண் படிவதற்குத் தொட்டி கட்டுவது, குவியலை மூடி வைப்பது ஆகியவை பல வழக்குகளைத் தவிர்க்கும். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையாக அனுபவித்து வந்த பாதைக்கும் நீர்வழிக்கும் உரிமை ஏற்படலாம். அடித்தளம் போடுமுன்பே இதனை அறிவது விண்ணப்பதாரருக்கும் நலம்.

காகிதத்தில் இருக்கும் சூளையை இடம் மாற்றப் பேனா போதும். கடன் வாங்கிக் கட்டிய சூளையை மாற்ற இயலாது. முன்னறிவிப்பு தொழிலாளியின் முதலையும் உழவனின் விளைச்சலையும் ஒருங்கே காக்கும்.